800 பேர் வரும் பொங்கல் விழா: வாசலில் யாரை நிறுத்துவது, என்ன சொல்லி நிறுத்துவது?

#1 குமரன்_ஹரோ

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் எங்கள் ஊர்ச் சங்கம் வருடாவருடம் மண்டபம் எடுத்துப் பொங்கல் விழா நடத்துகிறது. நுழைவுச்சீட்டு உண்டு, சாப்பாடு உண்டு, பிள்ளைகளின் நடனமும் உண்டு. சனம் 800ஐத் தாண்டும்.

போன நிர்வாகக் கூட்டத்தில் மார்ட்டின் சட்டம் பற்றிக் கதை வந்தது. 2017 மே 22இல் மான்செஸ்டர் அரீனா குண்டுவெடிப்பில் இறந்த 22 பேரில் ஒருவர் மார்ட்டின் ஹெட். மக்கள் கூடும் இடங்களைத் தீவிரவாதத் தாக்குதலிலிருந்து காக்க, அவருடைய தாய் ஃபீகன் மர்ரி வருடக்கணக்காகப் போராடிக் கொண்டுவந்த சட்டம் இது. 2025 ஏப்ரல் 3இல் அரச ஒப்புதல் கிடைத்தது. நடைமுறைக்கு வரக் குறைந்தது 24 மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரே நேரத்தில் 200 பேர் கூடக்கூடிய இடம் என்றால் அடிப்படைக் கடமைகள். 800 என்றால் அதற்கு மேல் கூடுதல் கடமைகள். சீட்டுப் பார்த்து உள்ளே விடுகிற 800 பேர் நிகழ்ச்சியும் இதற்குள் வரும்.

எங்கள் பொருளாளர், "எங்களுக்கு யார் குண்டு வைக்கப் போகிறான்? சோற்றுக்கு அண்டா காணுமோ என்று பாருங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் வாசலில் நிற்கப் போகிற தொண்டர்களுக்குப் பொறுப்பு நான்தான். எல்லாம் 17, 18 வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.

#2 சும்மா_வந்தேன்

பொருளாளர் சொன்னதில் என்ன தப்பு? லாட்டரி விழுகிற வாய்ப்புகூட இதைவிட அதிகம். சட்டம் போடுகிறவர்களுக்கு வேலை வேண்டும், ஸ்கேனர் விற்கிறவர்களுக்கு வியாபாரம் வேண்டும். ஒரு மெட்டல் டிடெக்டரை வாடகைக்கு எடுத்து வாசலில் வையுங்கள். யாராவது கேட்டால் காட்டலாம். வேலை முடிந்தது.

#3 காக்கி_ஓய்வு

தம்பி குமரன், நான் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பந்தோபஸ்து டியூட்டியிலேயே பாதி வாழ்க்கை போனது. லண்டன் சட்டம் எனக்குத் தெரியாது, கூட்டம் தெரியும்.

மெட்டல் டிடெக்டர் வைத்தால் வேலை முடிந்தது என்கிறார் மேலே ஒருவர். அந்த மெட்டல் டிடெக்டருக்கு முன்னால்தான் வரிசை நிற்கும். சோதனை மெதுவாக நடந்தால் வரிசை தெருவுக்கு நீளும். உள்ளே 800 பேரைப் பத்திரமாக வைக்கிறேன் என்று வெளியே 300 பேரைத் திறந்தவெளியில் அடைத்து வைத்திருப்பீர்கள். கெட்ட எண்ணத்தோடு வருகிறவனுக்கு உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை.

1998 பிப்ரவரி 14 கோயம்புத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.எஸ்.புரத்தில் அத்வானி பேச வேண்டிய தேர்தல் கூட்டம். மேடை, மேடைக்கு முன்னால் யாரையும் விடாத டி ஏரியா, எல்லாம் சோதித்தாகிவிட்டது. குண்டு வெடித்தது சற்றுத் தள்ளி சண்முகம் ரோட்டில். அப்புறம் ஊர் முழுக்க வரிசையாக வெடித்தது. 58 பேர் செத்தார்கள். அத்வானி வந்த விமானம் தாமதமானதால் அவர் தப்பினார். காவல் பலமாக இருந்த இடத்தைத் தொடவே இல்லை, அதன் ஓரத்தைத்தான் தொட்டார்கள்.

இன்னொன்று. காலையில் நாய், கருவி எல்லாம் வைத்து மேடையைச் சோதித்து முடிப்போம். அதற்கப்புறம்தான் பூ அலங்காரக்காரர் கூடையோடு வருவார். மைக் செட் ஆள் ஒயர் மறந்துவிட்டது என்று திரும்பி வருவார். ஜெனரேட்டர்காரர் டீசல் கேனோடு வருவார். எல்லாம் தெரிந்த முகம்தான். தெரிந்த முகம் என்பதாலேயே யாரும் கூடையைத் திறந்து பார்க்க மாட்டார்கள். உங்கள் மண்டபத்தில் சமையல்கட்டுப் பின்வாசல் ஒன்று கட்டாயம் இருக்கும். முன்வாசலில் நாலு பேரை நிறுத்திவிட்டு, பின்வாசலில் செங்கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருப்பீர்கள். அதை முதலில் பாருங்கள்.

#4 தேன்மொழி_மான்செஸ்டர்

காக்கி ஐயா சொன்னதுதான் இங்கே நடந்தது. நான் இந்த ஊரில் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் சாண்டர்ஸ் தலைமையிலான விசாரணை அறிக்கை 2021, 2022, 2023 என மூன்று தொகுதிகளாக வந்தது. எங்கள் பயிற்சிகளில் அதைத் திரும்பத் திரும்பப் பேசுவோம்.

முதலில் இடம். குண்டு அரங்குக்குள் வெடிக்கவில்லை. சிட்டி ரூம் என்கிற முகப்புக் கூடத்தில், இரவு 10.31க்கு வெடித்தது. அரியானா கிராண்டே நிகழ்ச்சி முடிந்து பிள்ளைகள் வெளியே வர, கூட்டிப்போகப் பெற்றோர் காத்திருந்த இடம். அரங்கின் சோதனை எல்லைக்கு வெளியே, ரயில் நிலையத்திலிருந்து வருகிற பொதுவழி. கேமராக்கள் இருந்தன, ஆனால் மேல்தளத்தில் ஒரு மூலை எந்தக் கேமராவிலும் விழாது. குண்டோடு வந்தவன் அங்கேதான் பெரிய முதுகுப்பையோடு வெகுநேரம் இருந்தான். அந்தக் கடைசி அரைமணி நேரத்தில் அந்தக் கூடத்தில் ஒரு போலீஸ்கூட இல்லை. அன்று மாலை டியூட்டியில் இருந்த இருவர் சாப்பாட்டுக்கென்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டு வந்தார்கள் என்று அறிக்கை பதிந்திருக்கிறது.

குமரன், உங்கள் கேள்விக்கு நேரடியான பகுதி இனித்தான். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒருவர் அவனைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். பையில் என்ன என்று அவனிடமே கேட்டார். பதில் சரியாக இல்லை. வாசலில் நின்ற பாதுகாப்பு ஊழியரிடம் போய்ச் சொன்னார். வெடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு இது. அந்த ஊழியருக்கு வயது 19. தன் இடத்தைவிட்டு நகரக் கூடாது, கையில் ரேடியோ இல்லை. இன்னொரு பையனிடம் சொன்னார், அவருக்கு 18. அவர் கட்டுப்பாட்டு அறையை ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தார், இணைப்புக் கிடைக்கவில்லை. அதோடு, தப்பாகச் சொல்லிவிட்டால் இனவெறி பிடித்தவன் என்பார்களே என்ற பயமும் இருந்ததாகப் பின்னால் சொன்னார். சொல்லவில்லை.

ஆக, பார்க்க வேண்டியவர் பார்த்தார், கேட்டார், சொன்னார். சொன்னது அந்த இரண்டு பையன்களைத் தாண்டிப் போகவில்லை. உங்கள் வாசலில் நிற்பதும் அதே வயதுப் பிள்ளைகள். யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதைவிட, சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், அந்த ஆள் எங்கே நிற்பார், எந்த எண்ணில் எடுப்பார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

#5 சும்மா_வந்தேன்

சரிங்க அக்கா, அது 14,000 பேர் வந்த இடம். இது ஊர்ப் பொங்கல். அப்புறம் "சந்தேகம் வந்தால் சொல்" என்று 17 வயதுப் பிள்ளையிடம் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? தாடி வைத்தவனை எல்லாம் சந்தேகப்படும். கொழும்பில் எத்தனை செக்பாயிண்டில் தமிழர் என்று தெரிந்ததும் பஸ்ஸிலிருந்து இறக்கி நிறுத்தினார்கள்? அதை அனுபவித்த சனமே இப்போது வாசலில் நின்று ஆள் முகம் பார்க்கப் போகிறதா?

#6 மீன்பாடும்_தேன்நாடு

சும்மா வந்தவர் சும்மா கேட்கவில்லை, நியாயமான கேள்வி. நான் மட்டக்களப்பு.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கள் ஊரில் சீயோன் தேவாலயம். ஞாயிறு பள்ளி முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் நின்ற நேரம். முதுகுப்பையோடு வந்தவனை வாசலில் நின்ற சபை ஆட்களே மறித்துக் கதைத்தார்கள். பையில் என்ன என்று கேட்டதற்கு, வீடியோ எடுக்கிற சாமான் என்றான். அப்படியென்றால் வெளியில் நில் என்று உள்ளே விடவில்லை. அவன் முற்றத்திலேயே வெடிக்க வைத்தான். சுமார் 30 பேர் போனார்கள், நிறையப் பேர் சின்னப் பிள்ளைகள். மறித்தவரும் போனார். உள்ளே நூற்றுக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள். அவன் கதவைத் தாண்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

மறித்தவர்கள் அவனுடைய முகத்தையோ தாடியையோ பார்த்து மறிக்கவில்லை. ஊருக்குப் புது ஆள், வெயிலில் கனமான பை, கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில். அவ்வளவுதான். சபைக்குப் புதிதாக வருகிறவரை வரவேற்கப் போகிறவன்கூட இதே கேள்வியைத்தான் கேட்பான். "வாங்கோ, எங்கே இருந்து வாறீங்கள், யாரைத் தெரியும்?" உங்கள் வாசல் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுங்கோ. எல்லோரிடமும் சிரித்துக்கொண்டு ஒரு வார்த்தை கதைக்கச் சொல்லுங்கோ. வேண்டாத ஆளுக்குத்தான் அந்த ஒரு வார்த்தை பிடிக்காது.

அதிகாரத்தில் மேலே இருந்தவர்கள் கதை வேறு. இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4ஆம் தேதியே எச்சரித்தது. ஏப்ரல் 11இல் பொலிசுக்குள்ளேயே கடிதம் போனது, தேவாலயங்கள் என்று எழுதியே போனது. எந்தத் தேவாலயத்துக்கும் வந்து யாரும் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபாலவை 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. மான்செஸ்டரில் 18 வயதுப் பையனின் ரேடியோ வேலை செய்யவில்லை. இங்கே எந்தக் குறையும் இல்லாத ரேடியோவை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள்.

அதுக்குப் பிறகு மே மாதம் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை பக்கம் முஸ்லிம் ஆட்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அடித்து நொறுக்கினார்கள். முகம் பார்த்துச் சந்தேகப்பட்டால் போய் நிற்கிற இடம் அது.

#7 குமரன்_ஹரோ

மட்டக்களப்பு அண்ணை, நன்றி. "எல்லோரிடமும் ஒரு வார்த்தை" என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அனாதையாகக் கிடக்கிற பைகளை என்ன செய்வது? எங்கள் விழாவில் பாதி மண்டபம் பைதான். மிருதங்க உறை, நடன உடுப்புப் பெட்டி, ஆச்சிமாரின் துணிப்பை. ஒவ்வொன்றுக்கும் பொலிசைக் கூப்பிட்டால் வருடம் முழுக்கக் கூப்பிட வேண்டியதுதான்.

#8 ரூர்_மணி

இதற்கு பிரிட்டனிலேயே ரயில்வே போலீஸ் பழக்கத்தில் வைத்திருக்கும் மூன்று கேள்விகள் உண்டு. பை மறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா? பார்த்தாலே சந்தேகப்படும்படி ஒயர், திரவம், பேட்டரி ஏதாவது தெரிகிறதா? அந்த இடத்தில் வழக்கமாக இருக்கக்கூடிய பொருளா? நடனப் பிள்ளைகளின் உடை மாற்றும் அறையில் பெட்டி கிடப்பது வழக்கம். அதே பெட்டி கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தால் வழக்கமில்லை. தொடாதே, ஆட்களை நகர்த்து, தள்ளி வந்தபிறகு போன் எடு.

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். இந்த இழையில் எல்லோரும் குண்டைப் பற்றியே பேசுகிறீர்கள். இங்கே பயம் வாகனம். 2024 டிசம்பர் 20இல் மாக்டெபுர்க் கிறிஸ்துமஸ் சந்தையில் ஒருவன் காரை ஏற்றினான், 6 பேர் இறந்தார்கள். சந்தையைச் சுற்றி கான்கிரீட் தடுப்பு இருந்தது. ஆம்புலன்ஸ் வர ஒரு வழி விட்டிருந்தார்கள். அந்த வழியாகத்தான் கார் வந்தது. அவசர வழியை அடைத்தால் ஆம்புலன்ஸ் வராது, அடைக்காவிட்டால் இது. நகர்த்தக்கூடிய வண்டி ஒன்றைக் குறுக்கே நிறுத்தி, சாவியோடு ஓட்டுநரை அதிலேயே உட்கார வைப்பதுதான் சின்ன நிகழ்ச்சிகளில் நடக்கக்கூடிய தீர்வு. குமரன், உங்கள் வரிசை கார் நிறுத்துமிடத்தில் நிற்குமானால் இதை யோசியுங்கள்.

ஆனால் நான் சும்மா_வந்தேனோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறேன். எந்தத் தீவிரவாதியும் இல்லாமலேயே கூட்டம் கொல்லும். எங்கள் பக்கத்து ஊர் டுயிஸ்பூர்க்கில் 2010 ஜூலை 24, லவ் பரேட் இசைவிழா. உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே சுரங்கப்பாதை, ஒரே சரிவு. 21 பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் போனால் ஆபத்து தொடங்குகிறது. ஏழெட்டுப் பேர் என்றால் உங்கள் கால் உங்கள் பேச்சைக் கேட்காது.

டூரின் இன்னும் விசித்திரம். 2017 ஜூன் 3, மான்செஸ்டர் நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சதுக்கத்தில் பெரிய திரை வைத்து யுவென்டஸ் இறுதிப்போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருட வந்த கும்பல் மிளகு ஸ்பிரே அடித்தது. கூட்டம் குண்டு என்று நினைத்து ஓடியது. கீழே உடைந்த கண்ணாடிப் பாட்டில்கள். 1,500 பேருக்கு மேல் காயம், சிலர் பின்னால் இறந்தும் போனார்கள். அங்கே குண்டும் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

#9 சும்மா_வந்தேன்

இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்! கரூரில் 2025 செப்டம்பரில் 41 பேர் போனது எந்தத் தீவிரவாதியால்? அந்தக் கட்சிக்காரர்களை

[இப்பதிவின் மீதி நீக்கப்பட்டது]

#10 நெறியாளர்

கரூர் வழக்கை உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் கொடுத்திருக்கிறது. யார் குற்றவாளி என்ற சண்டைக்கு அரசியல் பகுதியில் தனி இழை ஓடுகிறது, அங்கே போங்கள். இங்கே நெரிசல் எப்படி ஏற்படுகிறது என்று பேசலாம். கருவிகள், வெடிபொருள்கள் பற்றிய விவரம் யாரும் எழுத வேண்டாம்.

#11 காக்கி_ஓய்வு

நெறியாளர் சார், சரி. பேரைச் சொல்லாமல் பேசுகிறேன்.

மணி சொன்ன டூரினுக்கு நேர் எதிராக நம் நாட்டிலேயே ஒன்று உண்டு. 2013 அக்டோபர் 27, பாட்னா காந்தி மைதானம், மோடியின் பேரணி. ரயில் நிலையத்திலும் மைதானத்தைச் சுற்றியும் குண்டுகள் வெடித்தன. 6 பேர் இறந்தார்கள். மைதானத்தில் லட்சக்கணக்கில் ஆள். மேடையில் யாரும் குண்டு என்று சொல்லவில்லை. கூட்டம் தொடர்ந்து நடந்தது. கடைசியில் பத்திரமாக, அவசரப்படாமல் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மைக்கில் ஒருவர் பதறியிருந்தால் குண்டில் செத்ததைவிட மிதிபட்டுச் செத்தவர்கள் அதிகமாக இருந்திருப்பார்கள். குண்டு வெடித்த இடத்தில் மக்களை உட்கார வைத்தது சரியா என்று கேட்டால், என்னிடம் சுலபமான பதில் இல்லை. வெடிக்காத குண்டுகளும் அங்கே கிடைத்தன. ஆனால் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் எழுப்பி வெளியே அனுப்பியிருக்க முடியாது என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

ஆகவே தம்பி, மைக் யார் கையில் என்பதை முன்கூட்டியே முடிவு செய். சங்கத் தலைவர் கையில் வேண்டாம். தலைவர்கள் மைக் கிடைத்தால் பேசுவார்கள். நிதானமான குரல் உள்ள ஒருவர், எழுதி வைத்த நாலு வரி. எந்தக் கதவு வழியாக, எந்தப் பக்கம் என்று மட்டும்.

எப்போதும் வெளியே அனுப்புவதுதான் பத்திரம் என்றும் நினைக்காதே. ஆபத்து தெருவில் இருந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பதுதான் சரி. பயிற்சி என்றால் எல்லோரும் தீயணைப்புப் பயிற்சிபோல வெளியே ஓடத்தான் பழகுகிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். 1991இல் அங்கே பெண் உதவி ஆய்வாளர் ஒருவர் அந்தப் பெண்ணைத் தள்ளி நிற்கச் சொல்லித் தடுத்தார். எல்லோரும் வரட்டும் என்று ராஜீவே சொன்னார். தடுக்கிறவர் பேச்சு வி.ஐ.பி.யின் பேச்சுக்குக் கீழே போனால் எந்தப் பந்தோபஸ்தும் நிற்காது. உங்கள் விழாவுக்கு எம்.பி. வந்தாலும், "நம்ம ஆள்தான், விடு" என்று நிர்வாகி ஒருவர் சொல்வார். வாசல் பிள்ளை யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்று இன்றே சொல்லி வை.

#12 தேன்மொழி_மான்செஸ்டர்

சட்டம் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். காக்கி ஐயா சொன்ன நான்கும்தான் அதன் அடிப்படை: வெளியேற்றுவது, உள்ளே கொண்டுவருவது, கதவைப் பூட்டுவது, மக்களுக்குத் தகவல் சொல்வது. அடிப்படைத் தரத்தில் உள்ளவர்கள் ஸ்கேனர் வாங்க வேண்டியதில்லை, ஆனால் இந்த நான்கையும் யோசித்து, வேலை செய்பவர்களுக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். கோயில்கள் 800ஐத் தாண்டினாலும் அடிப்படைத் தரத்திலேயே வரும். உங்கள் விழா கோயில் இல்லை, சீட்டு வைத்த நிகழ்ச்சி, ஆகவே மேல் தரம். காவல்துறையின் இலவச இணையப் பயிற்சி இருக்கிறது, தொண்டர்களை முடிக்கச் சொல்லுங்கள்.

எனக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று. மான்செஸ்டரில் வெடித்த பிறகு முதல் நாற்பது நிமிடம் அந்தக் கூடத்துக்குள் இருந்தது ஒரே ஒரு பாராமெடிக். கடைசிவரை உள்ளே வந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். தீயணைப்பு வண்டி வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஸ்ட்ரெச்சர் இல்லாமல் விளம்பரப் பலகையிலும் இரும்புத் தடுப்பிலும் வைத்துத் தூக்கினார்கள். காலில் பலத்த காயம் பட்ட ஒருவருக்குப் பக்கத்தில் நின்ற பொதுமக்களில் ஒருவர், தன் மனைவியின் பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டி, உதவி வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். சிகிச்சை நேரத்துக்குக் கிடைத்திருந்தால் காயம்பட்டவர் பிழைத்திருக்கக்கூடும் என்று அறிக்கை சொன்னது.

பாஸ்டன் மாரத்தானில் 2013இல் மருத்துவக் கூடாரமே முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. உயிரோடு மருத்துவமனை சேர்ந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

ரத்தம் பீறிட்டால் சில நிமிடம்தான் கணக்கு. முதலில் துணியை வைத்து முழுப் பலத்தோடு அழுத்துங்கள். கை, காலில் நிற்கவில்லை என்றால் காயத்துக்கு மேலே டூர்னிகே (ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டுங்கள். நேரத்தை எழுதுங்கள். முதலுதவிப் பெட்டி என்று பிளாஸ்டரும் பாரசிட்டமாலும் வைத்திருப்பீர்கள். இரண்டு டூர்னிகேயும் நல்ல கட்டுத்துணியும் வாங்கிச் சேருங்கள். சமையல்கட்டில் கத்தி பட்டாலும் அதுதான் உதவும்.

#13 சும்மா_வந்தேன்

அக்கா, இந்தக் கடைசி விஷயத்துக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. சமையல்கட்டுக் கத்தி என்றதும் நம்பிவிட்டேன்.

ஆனாலும் சொல்கிறேன், பயமுறுத்தி விழாவைக் கெடுத்துவிடாதீர்கள். 2024 ஆகஸ்டில் வியன்னாவில் டெய்லர் ஸ்விஃப்ட்டின் மூன்று நிகழ்ச்சிகளையும் ரத்து செய்தார்கள். சதித்திட்டம் முன்பே தெரிந்ததால் ரத்து, அது சரி. ஊர்ச் சங்கத்துக்கு அப்படி யாரும் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை. பயந்தால் நீங்களே ரத்து செய்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

#14 குமரன்_ஹரோ

ரத்து எல்லாம் இல்லை, பொங்கல் நடக்கும். இன்று நிர்வாகத்தோடு கதைத்தேன்.

சாப்பாட்டுக் கூப்பன் மேசையை வாசலில் இருந்து எடுத்து மண்டபத்துக்குள் போடுகிறோம். வரிசை தெருவுக்கு வருவதற்கே அதுதான் காரணம். சீட்டுப் பார்ப்பது ஒரு கதவுக்குப் பதில் இரண்டு கதவு. பின்வாசல் சாவி சமையல் பொறுப்பாளரிடம், சாமான் கொண்டுவருகிறவர்களின் பெயர்கள் அவரிடம் ஒரு தாளில். செங்கல் விஷயம் உண்மை, காக்கி ஐயா. போன வருடப் படங்களில் பார்த்தேன், கதவுக்கு முட்டாக இருந்தது அரிசி மூட்டை.

மைக் எங்கள் தமிழ்ப் பள்ளி அதிபரிடம். அவருடைய குரலுக்கு 200 பிள்ளைகள் அடங்குவார்கள். தலைவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

வாசல் பிள்ளைகள் சந்தேகம் என்றால் கூப்பிட வேண்டிய ஆள் தேர்தல் மாதிரி இழுபடுகிறது. மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள், மூன்று பேருமே அன்றைக்கு மேடையில் நிற்கிற ஆட்கள். மேடையில் ஏறாத, சாப்பாடு பரிமாறப் போகாத, கைப்பேசியை எடுக்கக்கூடிய ஒருவர் வேண்டும். பொருளாளரைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். அவருக்குப் பெயர் பலகையும் ஒரு மேசையும் கொடுத்தால் சம்மதிப்பார்.

#15 மீன்பாடும்_தேன்நாடு

பொருளாளரின் மேசையைக் காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் போடாதேங்கோ தம்பி. மனிசன் பெட்டியை விட்டு அசையமாட்டார்.